ஒரு லிஃப்ட் சுவரை எத்தனை தடவை வரைவது?

ஸ்டில்ட்டும் அதற்கு மேல் நான்கு தளங்களும் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே லிஃப்ட் போடுபவர்கள் வந்து பார்த்துவிட்டு, லிஃப்ட் ஏறி இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் உள் அகலம் 1750 மில்லிமீட்டர் போதாது, 1900 வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மண்ணில் கைவைக்கும் முன்பே சொன்னார்களே என்று எங்களுக்கு நிம்மதிதான். ஒரு சுவரை 150 மில்லிமீட்டர் தள்ள வேண்டும், அவ்வளவுதானே.

அந்த ஒரு சுவர் எங்கள் டிராயிங்குகளில் எத்தனை இடத்தில் இருந்தது என்று பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். ஸ்டில்ட் ப்ளான், நான்கு தளங்களின் ப்ளான், மொட்டைமாடி ப்ளான், அதற்கு மேல் மாடிப்படியும் லிஃப்ட்டும் போய் முடியும் ஹெட்ரூமின் கூரை ப்ளான், ஆக ஏழு. கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் இரண்டு. மாடிப்படியையும் லிஃப்ட்டையும் பெரிதாக்கிக் காட்டும் டீடெயில் ஒன்று. பின்பக்கத்தின் வெளித்தோற்றத்தைக் காட்டும் எலிவேஷன் ஒன்று. மொத்தம் பதினொன்று. எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் ஒன்பதில் மாற்றியிருந்தார். ஹெட்ரூம் கூரையும் ஒரு செக்‌ஷனும் விட்டுப்போயின. அது எப்போது தெரிந்தது என்றால், பல மாதம் கழித்து, ஹெட்ரூம் கூரைக்கு சென்டரிங் அடித்து முடித்த அன்று. மேஸ்திரி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறார், மேலே பார்க்கிறார், "சார், கீழ இருக்கிற குழி வேற, மேல வர்ற மூடி வேற" என்கிறார். பலகையைப் பிரித்து மறுபடி அடிக்க இரண்டு நாள் ஆனது.

டிராஃப்ட்ஸ்மேன் கவனக்குறைவானவர் இல்லை. பதினொரு இடத்தில் ஒரே சுவரை வரைந்து வைத்துக்கொண்டு, மாற்றம் வரும்போதெல்லாம் பதினொன்றையும் ஞாபகம் வைத்துத் திருத்து என்று ஒரு மனிதரிடம் சொன்னால், அவர் ஒருநாள் ஒன்பதோடு நிறுத்தத்தான் செய்வார். கணினியில் டிராயிங் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில் இருக்கும் ப்ராஜெக்ட் நிர்வாகக் கருவிகள், அதாவது ஷீட் செட் மேனேஜரும், கட்டடக் கலைக்கான அதன் பதிப்பான ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் கூடுதலாக வரும் ப்ராஜெக்ட் நேவிகேட்டரும், இந்தப் பதினொன்றைக் குறைப்பதற்காகவே வந்தவை. ஆனால் பயிற்சி மையங்களில் இவற்றை யாரும் இப்படிச் சொல்லித் தருவதில்லை. லைன், ஆஃப்செட், ட்ரிம், ஹேட்ச் என்று பாடம் முழுக்கப் போய்விட்டு, கடைசி நாளில், நேரம் இருந்தால், "இப்படி ஒரு பேலட்டும் இருக்கிறது" என்று திறந்து காட்டி மூடிவிடுவார்கள். பார்த்தவர்களுக்கு இது ஏதோ ஃபைல்களை அடுக்கி வைக்கும் அலமாரி போலத் தெரியும். விண்டோஸில்தான் ஃபோல்டர் இருக்கிறதே, இது எதற்கு என்று விட்டுவிடுவார்கள்.

இந்தக் கருவிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஆட்டோகேட்டின் முதல் பதிப்பு 1982 டிசம்பரில் வந்தது. அப்போது ஒரு ஃபைல் என்பது ஒரு டிராயிங் பேப்பர், அவ்வளவுதான். பேப்பரில் பென்சிலால் போட்டதை ஸ்க்ரீனில் போட்டார்கள். தரைத்தளம் ஒரு ஃபைல், முதல் தளம் இன்னொரு ஃபைல், செக்‌ஷன் வேறொரு ஃபைல், ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. 1990இல் வந்த 11ஆம் ரிலீஸில்தான் இரண்டு பெரிய விஷயங்கள் சேர்ந்தே வந்தன. ஒன்று எக்ஸ்ரெஃப்: ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலைக் காப்பி எடுக்காமல் வெறுமனே காட்டுவது, மூல ஃபைலில் மாறினால் இங்கேயும் மாறும். இன்னொன்று பேப்பர் ஸ்பேஸ்: வரைவது ஓர் இடம், பேப்பரில் அடுக்குவது வேறு இடம். என்னைக் கேட்டால் ஆட்டோகேட் வரலாற்றில் இவற்றைவிட முக்கியமான வருகை வேறு இல்லை. கட்டடம் வேறு, அதைக் காட்டும் தாள் வேறு என்ற பிரிவு அங்கேதான் தொடங்கியது. ஆனால் அந்தத் தொடர்புகளையெல்லாம் கையால் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. எந்த ஃபைல் எதில் சொருகியிருக்கிறது என்பது அலுவலகத்தில் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தது, அவர் லீவு போட்டால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்புறம் 1998இல் ஆர்க்கிடெக்சுரல் டெஸ்க்டாப் என்ற பெயரில் கட்டடக் கலைக்கான தனிப் பதிப்பு வந்தது. அதன் 2004 பதிப்பில், அதாவது 2003ஆம் ஆண்டில், ப்ராஜெக்ட் நேவிகேட்டர் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, ஆட்டோகேட் 2005 வெளியானபோது, சாதாரண ஆட்டோகேட்டிலும் ஷீட் செட் மேனேஜர் வந்துவிட்டது. 2008 பதிப்பில் ஆர்க்கிடெக்சுரல் டெஸ்க்டாப்பின் பெயர் ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர் என்று மாறியது. 2019 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் சந்தா வைத்திருப்பவர்களுக்கு ஆர்க்கிடெக்சர் டூல்செட்டும், அதாவது அதே ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரும், கூடவே கிடைக்கிறது. ஆக, பல அலுவலகங்களில் இது ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியாயிற்று, இன்ஸ்டால் செய்யாமல் கிடக்கிறது.

சரி, ப்ராஜெக்ட் நேவிகேட்டரைத் திறந்தால் என்ன தெரியும்? கன்ட்ரோல் 5 அழுத்தினால் நான்கு டேப்கள் உள்ள ஒரு பேலட் வரும்: ப்ராஜெக்ட், கன்ஸ்ட்ரக்ட்ஸ், வியூஸ், ஷீட்ஸ். கற்றுக்கொள்பவர்கள் தடுமாறுவது இந்த வார்த்தைகளில்தான். இவை ஃபோல்டர் பெயர்கள் அல்ல, ஒரு கட்டடத்தை ஃபைல்களாக வெட்டும் முறை.

முதல் டேப்பில் கட்டடத்தின் தளங்களை ஒரு அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயர், தரை மட்டம், தளத்துக்குத் தளம் உயரம். மொட்டைமாடிக்கு மேலே ஹெட்ரூம் இருந்தால் அதையும் ஒரு தளமாகவே கொடுத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பின்னால் அதன் கூரை எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்று முழிக்க வேண்டிவரும். பெரிய கட்டடமானால் கிழக்குப் பகுதி, மேற்குப் பகுதி என்று பக்கவாட்டிலும் பிரிக்கலாம், அதற்கு டிவிஷன் என்று பெயர். நம் ஊர் அளவுக்குப் பெரும்பாலும் ஒரே டிவிஷன் போதும்.

கன்ஸ்ட்ரக்ட் என்பது கட்டடத்தின் ஒரு துண்டு, இன்ன தளத்தில் இருக்கிறது என்று முகவரியோடு. முதல் தளத்தின் உள்சுவர்கள் ஒரு கன்ஸ்ட்ரக்ட். தூண்கள் ஒன்று. ஒரே துண்டு பல தளங்களைக் கடந்து போனால், அதைப் பல தளங்களுக்கும் சேர்த்து ஒரே கன்ஸ்ட்ரக்டாக வைக்கலாம். எங்கள் லிஃப்ட் ஷாஃப்ட் இருந்திருக்க வேண்டிய இடம் இதுதான்: ஸ்டில்ட்டிலிருந்து ஹெட்ரூம் வரை டிக் போட்ட ஒரே ஃபைல்.

எலிமெண்ட் என்பது முகவரி இல்லாத துண்டு. ஒரே மாதிரியான டாய்லெட் எட்டு இடத்தில் வருகிறது என்றால், வாஷ்பேசினும் டைலும் கதவும் சேர்த்து ஒருமுறை எலிமெண்டாக வரைந்து, அதை எட்டு இடத்திலும் சொருகலாம். ஒன்றிலிருந்து நான்கு வரை தளங்கள் ஒரே ப்ளான் என்றாலும் இதே வழி. திரும்பத் திரும்பச் சொருகுவதற்காகக் கோடுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் பிளாக் போலத்தானே என்று கேட்பார்கள். பிளாக் அந்தந்த ஃபைலுக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். எட்டு ஃபைலில் போட்டால் எட்டு பிளாக். எலிமெண்ட் ஒரே ஃபைல்.

அடுத்தது வியூ. ப்ளான், செக்‌ஷன், எலிவேஷன் எல்லாம் இங்கே. இதற்குள் சுவர் வரையக் கூடாது. "இரண்டாம் தளம் வேண்டும்" என்று தளத்தை டிக் செய்தால், அந்தத் தளத்துக்கு முகவரி உள்ள எல்லாக் கன்ஸ்ட்ரக்டுகளையும் மென்பொருளே எக்ஸ்ரெஃப்பாகக் கொண்டுவந்து நிறுத்திவிடும். லிஃப்ட் ஷாஃப்ட் பல தளங்களுக்குச் சொந்தம் என்பதால் அது எல்லா வியூவிலும் தானாக வந்து நிற்கும். அளவுக்கோடுகள், எழுத்துகள், அறைப் பெயர்கள் இவை மட்டும் வியூவில் போட வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். பல வருடம் சுவரையும் அளவையும் ஒரே ஃபைலில் போட்டுப் பழகிய கை. சுவர் நகரும்போது அளவும் கூடவே கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று மனசு கேட்கும். நானும் கேட்டேன். கன்ஸ்ட்ரக்டில் அளவு போட்டால் என்ன ஆகும் என்று செய்து பார்த்தேன்: அந்தக் கன்ஸ்ட்ரக்ட் எந்தெந்த வியூவில் போகிறதோ அங்கெல்லாம் அளவும் கூடப் போகும். 1:100 ப்ளானுக்காகப் போட்ட எழுத்து 1:20 டீடெயிலில் யானை மாதிரி வந்து நிற்கும். அளவுகள் இருக்கும் லேயரை, தாளில் வரைபடம் தெரியும் ஜன்னலான வியூபோர்ட் ஒவ்வொன்றிலும் அணைத்து அணைத்து ஒரு மணி நேரம் போனபிறகு, அளவுகளை வியூவுக்கு மாற்றினேன். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒருமுறை தப்பாகச் செய்யவிடுவது மேல்.

கடைசியில் ஷீட். இதில் வரைவதே கிடையாது. ப்ராஜெக்டின் பெயரும் தாளின் எண்ணும் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக் உள்ள தாள், அதில் வியூக்களை இழுத்துப் போட்டால் வியூபோர்ட் ஆகும்.

ஆக எலிமெண்டிலிருந்து கன்ஸ்ட்ரக்ட், அதிலிருந்து வியூ, அதிலிருந்து ஷீட். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவது போல ஒரே திசை. ஷீட்டில் ஒரு தப்பு தெரிகிறதா, ஷீட்டில் திருத்தாதே, அந்தக் கோடு எந்த ஃபைலில் பிறந்தது என்று மேலே ஏறிப் போய்த் திருத்து. பிறந்த இடம் ஒன்றுதான் இருக்கும்.

இதை வைத்து அந்தப் பதினொன்றை மறுபடி எண்ணிப் பார்க்கலாம். நேர்மையாக எண்ண வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் இங்கேதான் கொஞ்சம் அள்ளிவிடுவார்கள். சுவரை வெறும் கோடுகளால் வரைந்திருந்தால், ஏழு ப்ளானும் பெரிதாக்கிய டீடெயிலும் ஒரே கன்ஸ்ட்ரக்டிலிருந்து வருவதால் எட்டு ஒன்றாகிவிடும். செக்‌ஷன் இரண்டையும் எலிவேஷனையும் கையால்தான் வரைந்திருப்போம், அவை அப்படியே இருக்கும். பதினொன்று நான்காகும். சுவரை ஆர்க்கிடெக்சர் டூல்செட்டின் வால் ஆப்ஜெக்டாக, அதாவது மென்பொருளே சுவர் என்று அறியும் பொருளாக, உயரத்தோடு போட்டிருந்தால் செக்‌ஷனும் எலிவேஷனும்கூட அதிலிருந்தே கிடைக்கும். பதினொன்று ஒன்றாகும், ஆனால் செக்‌ஷனை ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும், அது தானாக மாறாது. ரெஃப்ரெஷ் செய்ய மறந்தால் பழைய செக்‌ஷன் அப்படியே பிரின்ட் ஆகும், பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும். எனக்கு இப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. என்றாலும், நினைவில் வைக்க வேண்டியது பதினொன்றிலிருந்து ஒன்றோ நான்கோ ஆவது சின்ன லாபம் இல்லை.

ஷீட் செட் மேனேஜரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்க்கிடெக்சர் டூல்செட் வேண்டாம், சாதாரண ஆட்டோகேட் போதும் என்பவர்களுக்கும் இது கிடைக்கிறது, கன்ட்ரோல் 4. ஒரு ப்ராஜெக்டின் எல்லாத் தாள்களின் பட்டியலும் ஒரு டிஎஸ்டி ஃபைலில் இருக்கும். ப்ராஜெக்டின் பெயர், உரிமையாளர் பெயர், வேலை எண் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் ஒருமுறை எழுதினால் போதும். டைட்டில் பிளாக்கில் ஃபீல்ட், அதாவது தானாக நிரம்பும் எழுத்து, வைத்திருந்தால் 22 தாளிலும் அதுவே வந்து உட்காரும். உரிமையாளர் தன் பெயருக்கு முன்னால் இன்னொரு இனிஷியல் சேர்க்கச் சொன்னால், 22 தாளைத் திறந்து மூட வேண்டாம். தாளை அச்சடிக்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம், ஷீட் செட்டின் மேல் வலது க்ளிக் செய்து பப்ளிஷ் கொடுத்தால் எல்லாம் ஒரே பிடிஎஃப்பாக வரும், வரிசை மாறாமல். பலருக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றும், அது போதுமான காரணம்தான்.

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது காலவுட். ப்ளானில் செக்‌ஷன் வெட்டும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, மேலே செக்‌ஷன் எண், கீழே அது எந்தத் தாளில் இருக்கிறது என்று எழுதுவோமே, அது. கையால் எழுதினால் தாள்களின் வரிசை மாறும்போதெல்லாம் அதையும் தேடித் தேடி மாற்ற வேண்டும். ஒரு தாள் நடுவில் சேர்ந்தால் போதும், ஏ-302 என்றிருந்ததெல்லாம் ஏ-303 ஆக வேண்டும், ஒன்று விட்டுப்போனால் சைட்டில் இருப்பவர் இல்லாத செக்‌ஷனைத் தேடிக்கொண்டிருப்பார். ப்ராஜெக்ட் நேவிகேட்டரில் செக்‌ஷன் காலவுட் போடும்போது, வட்டத்துக்குள் எண் இருக்காது, கேள்விக்குறிதான் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து அதை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள், மறுபடியும் கேள்விக்குறி. கடைசியில் பொறுமையிழந்து, அதை எக்ஸ்ப்ளோட் செய்து, அதாவது வெறும் கோடுகளாகப் பிரித்து, எண்ணைக் கையால் எழுதிவிடுவார்கள்; அத்தோடு எல்லாம் போயிற்று. அந்தக் கேள்விக்குறி தப்பு இல்லை. "இந்த செக்‌ஷன் இன்னும் எந்தத் தாளிலும் வைக்கப்படவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?" என்று அது கேட்கிறது. செக்‌ஷன் வியூவை ஏ-301 தாளில் இழுத்துப் போட்டுவிட்டு, ப்ளானைத் திறந்து திரையைப் புதுப்பிக்கும் ரீஜென் கட்டளையைக் கொடுத்தால், வட்டத்துக்குள் 1, அதன் கீழே ஏ-301 என்று தானாக வந்து நிற்கும். அதைப் பார்த்த அன்று ஒரு சின்னப் பையனைப் போல நாலைந்து தடவை தாளின் எண்ணை மாற்றி மாற்றி வேடிக்கை பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை: தாள்களின் அட்டவணையை முதல் தாளில் டேபிளாகப் போடும் வசதியும் இருக்கிறது, அது இப்படித் தானாக மாறாது. தாள் சேர்த்தால் டேபிளை அப்டேட் செய்ய வேண்டும். அதே போல, ஷீட் செட்டிலிருந்து ஒரு தாளை நீக்கினால் பட்டியலிலிருந்துதான் போகும், ஃபைல் ஃபோல்டரிலேயே கிடக்கும். யாராவது அதைக் கண்டெடுத்து அனுப்பிவைப்பார்கள்.

இனி நான் செய்த பெரிய தவறு. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு ஆர்க்கிடெக்டுகளுக்கு இங்கிருந்து டிராயிங் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதன்முதலில் ப்ராஜெக்ட் நேவிகேட்டரைப் பார்த்தது அங்கேதான். யாரும் சொல்லித் தரவில்லை, ஃபோல்டரைக் கொடுத்து, மூன்றாம் தளத்தின் உள்சுவர்களை மாற்று என்றார்கள். ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு டிடபிள்யூஜி ஃபைலுக்கும், அதாவது ஆட்டோகேட் டிராயிங் ஃபைலுக்கும், பக்கத்தில் அதே பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். நோட்பேடில் திறந்து பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. ஏதோ பேக்கப் குப்பை என்று நினைத்து, சுத்தம் செய்கிற உற்சாகத்தில் அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். டிராயிங்குகள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன, எக்ஸ்ரெஃப்கள்கூடச் சரியாக இருந்தன. மதியம் டீம் லீடர் வந்து பேலட்டைத் திறந்தார். கன்ஸ்ட்ரக்ட்ஸ் டேப் காலி. வியூஸ் டேப் காலி. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சர்வரில் முந்தின இரவின் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

அந்த எக்ஸ்எம்எல்தான் துண்டின் முகவரி. இந்த ஃபைல் ஒரு கன்ஸ்ட்ரக்ட், மூன்றாம் தளம் என்று சொல்வது அதுதான்; டிடபிள்யூஜியில் இருப்பது கோடுகள். ப்ராஜெக்ட் மொத்தத்துக்கும் ஏபிஜே என்று ஒரு ஃபைல் இருக்கும், தளங்களின் அட்டவணை அதில். அதனால் ப்ராஜெக்டுக்குள் இருக்கும் ஃபைலின் பெயரை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் மாற்றக் கூடாது, வேறு ஃபோல்டருக்கு நகர்த்தக் கூடாது, இரட்டைச் சொடுக்கு செய்து திறக்கவும் கூடாது. எல்லாம் பேலட் வழியாகவே. பெயர் மாற்றினால், அந்த ஃபைலைச் சொருகியிருக்கும் மற்ற ஃபைல்களின் பாதையையும் மாற்றவா என்று அதுவே கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இரண்டு பேர் பேலட் வழியாகவும் ஒருவர் எக்ஸ்ப்ளோரர் வழியாகவும் போனால், ஒரே வாரத்தில் ப்ராஜெக்ட் நாறிவிடும். இந்தக் கருவி ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாத வகை.

சாதாரண ஆட்டோகேட்டில் ஷீட் செட்டும் எக்ஸ்ரெஃப்பும் மட்டும் வைத்துக்கொண்டு இதையே செய்பவர்களும் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அவர்கள் சில விஷயங்களைக் கையால் காப்பாற்ற வேண்டும். ஷீட் செட்டில் சேர்க்கும் ஒவ்வொரு ஃபைலிலும் ஒரே ஒரு லேஅவுட், அதாவது ஒரே ஒரு அச்சுத் தாள், வைப்பது அதில் முதலாவது. ஒரே ஃபைலில் ஆறு லேஅவுட் போட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒருவர் ஏ-101ஐத் திறந்து வேலை செய்யும்போது, அதே ஃபைலில் இருக்கும் ஏ-102ஐ இன்னொருவர் திருத்த முடியாதே. எக்ஸ்ரெஃப் சொருகும்போது அட்டாச் செய்கிறோமா ஓவர்லே செய்கிறோமா என்று யோசிப்பது இன்னொன்று. அட்டாச் செய்தது அடுத்த ஃபைலுக்கும் தொடர்ந்து வரும், ஓவர்லே செய்தது அங்கேயே நின்றுவிடும். தூண் ஃபைலில் சுவர் ஃபைலையும் சுவர் ஃபைலில் தூண் ஃபைலையும் அட்டாச் செய்துவிட்டு, சர்குலர் ரெஃபரன்ஸ் என்று எச்சரிக்கை வந்ததும் கணினியைத் திட்டுவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். பாதையைப் பொறுத்தவரை, 2018 பதிப்பிலிருந்து ரிலேட்டிவ் என்பதே இயல்பாக வருகிறது, ஃபோல்டரை மொத்தமாக வேறு டிரைவுக்கு நகர்த்தினாலும் உடையாது. அதற்கு முன்னால் முழுப் பாதையோடு சொருகப்பட்ட பழைய ஃபைல்கள்தான் தொல்லை தரும்.

யூனிட்டையும் விட்டுவிடக் கூடாது. நம் ஊரில் அப்ரூவலுக்குக் கொடுப்பது மீட்டரில், சைட்டில் பேசுவது அடியிலும் அங்குலத்திலும். அலுவலகத்தில் ஒருவர் அங்குலத்தில் வரைந்த ஃபைலை மில்லிமீட்டர் ஃபைலுக்குள் சொருகினால், யூனிட் அமைப்பைப் பொறுத்து, அது 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும். வீட்டைக் காணோம் என்று ஜூம் செய்து தேடுவார்கள், அது ஒரு மூலையில் புள்ளியாக இருக்கும். ப்ராஜெக்டைத் தொடங்கும்போதே டெம்ப்ளேட்டில் யூனிட்டை முடிவு செய்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

"ரெவிட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க், கட்டடத்தை முப்பரிமாண மாடலாகவே வரையும் ரெவிட்டை 2002இல் 133 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. அதில் கட்டடம் முழுக்க ஒரே மாடலாக இருப்பதால், எந்தச் சுவர் எந்த ஃபைலில் என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது; ப்ளானும் செக்‌ஷனும் ஒரே மாடலைப் பார்க்கும் வெவ்வேறு ஜன்னல்கள், காலவுட்டில் எண் தானாகவே வரும். ஆட்களும் கணினிகளும் காசும் இருந்தால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், எலக்ட்ரிகல் ஆட்கள், லிஃப்ட் கம்பெனி என்று கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் டிடபிள்யூஜியில் அனுப்பும்போது, அதே ஃபைலை அப்படியே சொருகி வேலை செய்ய முடிவது ஒரு வசதிதான். அதோடு, ப்ராஜெக்ட் நேவிகேட்டரில் பழகியவர்கள் ரெவிட்டுக்குப் போகும்போது அதிகம் திணறுவதில்லை. தளம், வியூ, ஷீட் என்ற பிரிவு அங்கேயும் இருக்கிறது.

எப்போது எது வேண்டும் என்பதில் என் கணக்கு இது. ஒரே ஆள் வரையும் தனி வீட்டுக்கு ப்ராஜெக்ட் நேவிகேட்டர் தேவையில்லை, கொசுவை அடிக்கக் கடப்பாரை. ஷீட் செட் மட்டும் போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரையும் வேலை, ஒரே ப்ளான் பல தளங்களில் திரும்பத் திரும்ப வரும் வேலை, இருபது தாளைத் தாண்டும் வேலை என்றால் தயங்காமல் தொடங்கலாம்.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு அந்தப் பெரிய வேலையில் கைவைக்காதீர்கள். கட்டி முடித்துக் குடிபோய்விட்ட ஒரு சின்ன வீட்டை எடுங்கள், தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடியில் ஹெட்ரூம், அவ்வளவு போதும். தளங்களைக் கொடுங்கள்: தரைத்தளம் பூஜ்யம், முதல் தளம் 3000, மொட்டைமாடி 6000, ஹெட்ரூம் கூரை 8400. பழைய டிராயிங்கைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் அதன் கன்ஸ்ட்ரக்டில் வையுங்கள். முதல் நாள் முழுக்க வெட்டுவதிலேயே போகும், எது எந்த ஃபைலில் என்று முடிவு செய்வதுதான் நிஜமான வேலை. மாடிப்படி எந்தத் தளத்துக்குச் சொந்தம்? சன்ஷேட் சுவரோடு போக வேண்டுமா, தனியாகவா? பாரபெட் மொட்டைமாடியுடையதா, வெளிச்சுவரின் தொடர்ச்சியா? இதற்கெல்லாம் ஒரே சரியான பதில் இல்லை, ஆனால் அலுவலகத்தில் ஒரே பதில் இருக்க வேண்டும். முடித்த பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு கன்ஸ்ட்ரக்டின் பெயரை மாற்றுங்கள், தாள்களின் வரிசையைக் குலையுங்கள், ஒரு சுவரை 150 மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு எத்தனை தாளில் அது மாறியிருக்கிறது, எதில் மாறவில்லை என்று எண்ணுங்கள். மாறாத ஒவ்வொரு இடமும், அந்தச் சுவரை நீங்கள் இரண்டாவது தடவை வரைந்த இடம்.

இவ்வளவுக்கும் பிறகு இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாத ஓர் இடம் இருக்கிறது: சைட்டில் இருப்பவரின் கைபேசி. அலுவலகத்தில் எல்லாம் ஒரே ஃபைலிலிருந்து வரும், ஆனால் மூன்று வாரத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் போன பிடிஎஃப் மூன்று வாரத்துக்கு முன்பு இருந்தபடியேதான் இருக்கும். அதனால் எங்கள் டைட்டில் பிளாக்கில் ப்ளாட் தேதி என்ற ஃபீல்டைச் சேர்த்தோம், எந்த நாளில் அச்சானதோ அந்தத் தேதி தானாக விழும். முதலில் சின்ன எழுத்தில் வைத்தோம், யாரும் பார்க்கவில்லை. இப்போது 10 மில்லிமீட்டர் உயரத்தில் வலது கீழ் மூலையில் இருக்கிறது, ஏ1 தாளில் அசிங்கமாகத்தான் தெரிகிறது. போன மாதம் அதே மேஸ்திரி ஃபோன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், என்கிட்ட இருக்கிறது பன்னெண்டாம் தேதி போட்டது. உங்ககிட்ட எந்தத் தேதி?"